மட்கார்டு மகாத்மியம்

காயல்பட்டினத்தில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் மணலும் பனையும் உப்பளமும். அண்ணாந்து பார்க்கும்படியாக ஏதாவது இருக்கிறது என்றால் பள்ளிவாசல் மினாராக்களைத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மலைச் சைக்கிளை முன்னிட்டுத் தகப்பனாருக்கும் மகனுக்கும் வழக்கு மூண்டது. நான் விருந்தாளியாகப் போன இடத்தில் என்னை மத்தியஸ்தனாக உட்கார வைத்துவிட்டார்கள்.

என் நண்பரின் மகன் பதினாறு வயதுப் பிள்ளை. கொழும்பில் இருக்கும் மாமன் பணம் அனுப்ப, கனத்த டயரும் கியரும் முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தான். அதில் எல்லாம் இருந்தன. மட்கார்டு மட்டும் இல்லை. நண்பர் மட்கார்டு போட வேண்டும் என்றார். பையன் கூடாது என்றான்.

“மலைச் சைக்கிளுக்கு யாராவது மட்கார்டு மாட்டுவாங்களா, வாப்பா? பந்தயக் குதிரைக்குக் குடை பிடிச்ச மாதிரி இருக்கும்” என்றான் பையன்.

நண்பர் என் பக்கம் திரும்பி, “கதை எழுதுறவங்க நீங்க. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க” என்றார்.

எனக்குச் சைக்கிளைப் பற்றிய ஞானம் இன்டர்மீடியட்டோடு நின்று போன என் கல்லூரிப் படிப்பைப் போன்றதுதான்: பாதி தெரியும், பாதி தெரிந்த மாதிரி இருக்கும். ஆகவே தீர்ப்புக்கு இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு மட்கார்டின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தேன். புகுந்த பிறகுதான், இந்தத் தகரத் துண்டுக்குப் பின்னால் எத்தனை பெரிய சரித்திரம் இருக்கிறது என்பது தெரிந்தது.

பையன் குதிரையைச் சொன்னானே, அங்கிருந்தே தொடங்கலாம். இந்தக் கடற்கரைக்கும் குதிரைக்கும் சம்பந்தம் உண்டு. 1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ‘காயில்’ என்ற துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதைச் சொல்கிறார். அது தாமிரபரணி முகத்துவாரத்துப் பழைய காயல்தான் என்று கால்டுவெல் முடிவு கட்டினார். காயல்பட்டினத்தார் அந்தப் பெருமையை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எப்படியானாலும் பாண்டியன் பொக்கிஷத்தில் பெரும் பகுதி குதிரை வாங்கியே கரைந்தது. வஸ்ஸாஃப் என்ற பாரசீகச் சரித்திரக்காரர், இந்தியத் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாக எழுதுகிறார். வந்த குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லாததால் அவை சீக்கிரமே செத்துப் போயின என்று மார்க்கோ போலோ வருத்தப்படுகிறார்.

குதிரை ஓடினால் குளம்பு சேற்றை வாரி அடிக்கும். பின்னால் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில்தான் அது விழும். ஆகவே ஐரோப்பாவில் குதிரை வண்டியின் முன்புறம் ஒரு பலகை அடித்தார்கள். அதற்கு டாஷ்போர்டு என்று பெயர். இன்று மோட்டார் காரில் வேகமானி முதலியவற்றைப் பதித்திருக்கும் பலகைக்கும் அதே பெயர்தான். குதிரை போய்விட்டது, சேறும் காருக்குள் வருவதில்லை. ஆனால் பெயர் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மட்கார்டுக்கு மூதாதை இந்தப் பலகைதான்.

சைக்கிளின் வரலாறு அதற்குப் பிறகு வருகிறது. 1817-இல் கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மானியர் மரத்தால் ஒரு வண்டி செய்தார். அதற்குப் பெடல் இல்லை. காலால் தரையை உந்திக்கொண்டே போக வேண்டும். 1860-களில் பிரான்சில் முன் சக்கரத்தில் பெடல் வந்தது. 1870-களில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. 1885-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிப் பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் ‘ரோவர்’ சைக்கிளை வெளியிட்டார். நாம் இன்று ஏறுவது அதன் பேரப்பிள்ளை.

1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொழில் என்ன தெரியுமா? கால்நடை வைத்தியம். காயலில் வைத்தியர் இல்லாமல் குதிரைகள் செத்தன. ஆறு நூற்றாண்டு கழித்து ஒரு குதிரை வைத்தியர்தான் குதிரையே வேண்டாத வாகனத்துக்கு உயிர் கொடுத்தார்.

காற்று டயர் வந்ததும் வேகம் கூடியது. வேகம் கூடியதும் சேறும் கூடியது. சக்கரம் தரையில் தொட்ட சேற்றைத் தூக்கிக்கொண்டு சுழலும். சுழற்சியில் அது நேர்கோட்டில் தெறித்து ஓடும். பின் சக்கரம் தூக்கிய சேறு முதுகில் கோடு போடும். முன் சக்கரம் தூக்கியது பாதத்திலும் செயினிலும் விழும். இதைத் தடுக்கவே சக்கரத்தின் வளைவோடு வளைந்த தகரம் வந்தது. பெண்கள் சைக்கிளில் பின் மட்கார்டின் இரு ஓரங்களிலும் துளைகள் இட்டு, அவற்றிலிருந்து அச்சு வரைக்கும் நூல் வலை கட்டினார்கள். பாவாடை சக்கரத்தில் சிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. இந்தச் சின்னக் காவல் இல்லாமல் பெண்கள் வீதிக்குச் சைக்கிளில் வந்திருப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தபோது, சேலைத் தலைப்பைச் சக்கரத்திலிருந்து காப்பது அங்கேயும் ஒரு பாடமாகத்தான் இருந்திருக்கும்.

நம் நாட்டுக்கு முதலில் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று சீமைச் சைக்கிள்களே வந்தன. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவினார்கள், அம்பத்தூரிலிருந்து சைக்கிள்கள் ஊர் ஊராகப் பரவின. அந்தக் கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன் மட்கார்டின் நெற்றியில் ஒரு பொம்மை. பின் மட்கார்டில் மஞ்சள் பெயின்டில் சொந்தக்காரர் பெயர். நுனியில் வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளைப் பட்டை அலங்காரம் அல்ல. 1930-களில் பிரிட்டனில், இருட்டில் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதற்காகச் சட்டம் போட்டு வைத்த அடையாளம் அது. கிராமத்து ஜனங்கள் இந்தச் சாதனத்தை ‘மக்காடு’ என்று அழைத்து அதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தகப்பனார் கட்சிக்கு அனுகூலம். பையன் கட்சியில் நியாயமே இல்லையா? இருக்கிறது.

மலைச் சைக்கிள் பிறந்தது 1970-களில், அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்து மரின் பகுதியில். அங்கே டாமல்பைஸ் என்று ஒரு மலை. சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் கீழே விரட்டிக்கொண்டு வந்தார்கள். 1976-இல் தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒரு தடவை இறங்கினால் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் எல்லாம் ஆவியாகி, மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டி வரும் என்பதால் அந்தப் பெயர். அந்த ஆசாமிகள் பழைய சைக்கிளில் முதலில் கழற்றி எறிந்தது எதை? மட்கார்டைத்தான். ஆக, மட்கார்டு இல்லாமை மலைச் சைக்கிளின் பிறவிக் குணம்.

அதற்குக் காரணமும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்திலேயே பாருங்கள்: கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல், திருச்செந்தூர் பக்கம் செம்மணல் தேரி, கடலோரம் உப்பு மண். மழை பெய்த கரிசலில் மட்கார்டு வைத்த சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களி டயரில் ஏறி, மட்கார்டுக்குள் அடைந்து, பத்து அடிக்குள் சக்கரம் கல்லாய் நின்றுவிடும். பிறகு சைக்கிள் நம்மைச் சுமப்பதில்லை; நாம் அதைச் சுமக்க வேண்டியதுதான். இன்னொரு அபாயம்: சுள்ளியோ கல்லோ முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சிக்கினால் தகரம் சுருண்டு போர்க்கில் மாட்டும். ஆள் தலைக்குப்புற விழுவான்.

இத்தனையையும் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கரிசலுக்கு அவன் போகப் போறதில்லை. இந்த ஊர்லதான் இருக்கப் போறான். அந்த மழையை மறந்துட்டீங்களா?” என்றார்.

யார் மறப்பார்கள்? 2023 டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுவதும் இந்தப் பக்கத்தில் பெய்வதை விட அதிகம், ஒரே நாளில்! தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளோடு நின்றுபோயிற்று. இந்த ஊரில் வீட்டுக்குள் தண்ணீர்.

“தண்ணி வடிஞ்ச பிறகு தெருவெல்லாம் சேறு” என்று நண்பர் தொடர்ந்தார். “வீட்ல உலர்ந்த துணி ஒண்ணு கிடையாது. அப்போ சொந்தத்துல ஒரு பெரியவர் மௌத்தாயிட்டார். ஜனாஸாவுக்குப் போகணும். மாடி வீட்டுக்காரர் ஒருத்தர் தன்னோட வெள்ளைச் சாரத்தைத் தந்தார். அவர்கிட்ட மிச்சம் இருந்த நல்ல சாரம் அதுதான். எங்க வாப்பா ஓட்டின பழைய சைக்கிள்லதான் போனேன். போயி, தொழுது, அடக்கம் முடிஞ்சு திரும்பி வந்து, அந்தச் சாரத்தை ஒரு பொட்டுச் சேறு இல்லாம திருப்பிக் கொடுத்தேன். துவைச்சுக் கொடுக்க நல்ல தண்ணி ஏது அன்னைக்கு?”

தெருச் சேறு தொழுகைக்குத் தடையா என்று கேட்டேன். இந்த ஊரார் பின்பற்றும் ஷாபிஈ சட்ட நூல்களில் அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி தம்முடைய ‘மின்ஹாஜ்’ என்னும் நூலில், சாதாரணமாகத் தவிர்க்க முடியாத அளவு தெருச் சேறு ஆடையில் பட்டால் பொறுத்துக்கொள்ளப்படும் என்றும், அந்த அளவு காலத்தைப் பொறுத்தும் ஆடையில் பட்ட இடத்தைப் பொறுத்தும் மாறும் என்றும் சொல்லியிருக்கிறார். காயலில் குதிரைகள் இறங்கிய அதே நூற்றாண்டு!

“மார்க்கத்துல மன்னிப்பு உண்டு. ஆனா சாரம் தந்த மனுசருக்கு நான் பதில் சொல்லணுமே” என்றார் நண்பர்.

பையன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ச் சைக்கிளை வெளியே எடுத்தான். மூவருமாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் வயதானவர். பையன் அவரை “காக்கா” என்று அழைத்து விஷயத்தைச் சொன்னான். அவர் முதலில் டயரின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தார். சக்கரம் 26 அங்குலமா, 27.5-ஆ, 29-ஆ என்பது முதல் கேள்வி. பழைய சைக்கிளின் 28 அங்குல மட்கார்டு 26-க்கோ 27.5-க்கோ வளைவு ஒத்துவராது. இரண்டாவது, டயரின் அகலம். இரண்டு அங்குல டயர் என்றால் மட்கார்டு அதைவிட இரு பக்கமும் கொஞ்சம் அகன்றிருக்க வேண்டும். ஒட்டினாற்போல் இருந்தால் சேறு ஓரத்தால் வழிந்து தெறிக்கும். மூன்றாவது, இடைவெளி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

முன் பக்கத்தில்தான் சூட்சுமம். ஷாக் வைத்த போர்க்கில் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும். மேலே அசையாத பாகத்தில் மட்கார்டை முடுக்கினால், பள்ளத்தில் இறங்கும்போது டயர் போய் அதை இடிக்கும். சக்கரத்தோடு கூடவே அசைகிற கீழ்ப் பாகத்தில் மாட்டினால் கவலையில்லை. மட்கார்டு கம்பிக்கு இந்தச் சைக்கிளில் துளை இல்லை. ரப்பர் வைத்த கிளிப் போட்டு முடுக்கினார். டிஸ்க் பிரேக் இருக்கும் பக்கத்தில் கம்பி உரசாதபடி நடுவே ஒரு குழல் துண்டை வைத்துத் தள்ளிவிட்டார். தகரம் வேண்டாம் என்று பிளாஸ்டிக்கையே எடுத்தார். போல்ட் நட்டுகள் மட்டும் துருப்பிடிக்காத எஃகு.

“உப்புக் காத்து, தம்பி. இந்த ஊர்ல தகரம் எத்தனை நாளைக்கு?” என்றார்.

கடைசியில் பழைய ட்யூபிலிருந்து ஒரு நாக்கு வெட்டி, முன் மட்கார்டின் கீழ் நுனியில் தொங்கவிட்டார். பாதத்தையும் செயினையும் காப்பது அதுதான் என்பது அவர் அபிப்பிராயம். எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். உரசும் சத்தம் இல்லை. வாரம் ஒரு தடவை போல்ட்டை முடுக்கிப் பார்க்கச் சொன்னார். லொடலொடக்கும் மட்கார்டுதான் ஆளைக் கவிழ்க்கும். கரிசல் பக்கம் போகிற நாளில் இரண்டு கிளிப்பையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று பையனுக்கு ஒரு சலுகையும் கொடுத்தார். நான் சொல்ல வேண்டிய தீர்ப்பை அவரே சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் தூறல் பிடித்தது. பையன் முன்னால் சைக்கிளில் போனான். நாங்கள் பின்னால் நடந்தோம். தெருவில் நின்ற தண்ணீரை அவன் கிழித்துக்கொண்டு போனபோது எங்கள் மேல் ஒரு துளி தெறிக்கவில்லை. பின் மட்கார்டு ஓட்டுகிறவன் முதுகுக்காக வைத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பின்னால் வருகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது.

நண்பர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய வெள்ளைப் பெயின்ட் டப்பா ஒன்றைக் கையில் வைத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் மட்கார்டின் நுனியில் பட்டை அடிக்க வேண்டும் என்றார். அதற்குப் பையன் ஆட்சேபம் சொல்லவில்லை.