சங்கிலியைத் தளர்த்திய கை

தப்பு செய்தவனைத் திருத்துவது தண்டனையா, கருணையா? பட்டிமன்ற மேடைகளில் பேசிப் பேசித் தீராத கேள்வி இது. பினாங்குத் தீவின் வரலாற்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அதைத் தந்தவர்கள் கால் விலங்கோடு கப்பலேற்றப்பட்டவர்கள்.

1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கம்பெனிக் கொடியை ஏற்றினார். சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து கைதிகள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். நாடு கடத்தல் தண்டனை பெற்றவர்கள். கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் அவர்களில் உண்டு. சொந்த மண்ணுக்காக ஆயுதம் ஏந்தியதைத் தவிர வேறு குற்றம் அறியாதவர்களும் உண்டு.

அப்படி 1802-ல் தூத்துக்குடியிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் துரைசாமி. வயது சுமார் 15. சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுவுடைய மகன். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மகனுக்குக் கிடைத்தது கடல் கடந்த சிறை.

விருந்தோம்பியவர் மகன்

தூத்துக்குடியில் இந்தக் கைதிகளுக்குக் காவல் பொறுப்பு வகித்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி. விதியின் விளையாட்டைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன், இளைஞராக மதுரைப் பக்கம் இருந்தபோது, இதே வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது! காவலாளி ஒருவர்கூட இல்லாத அரண்மனை, யாரும் உள்ளே போய் வரலாம் என்று அவரைப் பற்றி வெல்ஷே எழுதியிருக்கிறார். பிறகு போர் வந்தது. விருந்து உண்டவர் எதிர்ப் படையில் நின்றார்.

குருவின் மகன் இப்போது அவர் காவலில். வெல்ஷ் அவனை விடுதலை செய்யவில்லை. அது அவர் கையிலும் இல்லை. ஆனால் விலங்கின் பாரத்தைக் குறைத்தார். பரிவோடு நடத்தினார். செய்தது அவ்வளவுதான்.

1818-ல் வெல்ஷ் பினாங்கு வந்தார். அவரைத் தேடி உடல் தளர்ந்த முதியவர் போன்ற ஒருவர் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டதற்கு, கண்ணீரோடு ஒரு பெயர் மட்டும் வந்தது. துரைசாமி! முப்பதைத் தாண்டியிருந்தாலே அதிகம். பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கை அவரைக் கிழவராக்கியிருந்தது. ஊரில் மிஞ்சிய உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டு போகச் சொல்லிக் கேட்டார். வெல்ஷால் முடியவில்லை. சட்டம் தடுத்தது.

ஒரு மனிதனின் கருணை விலங்கை இலேசாக்கும். சட்டத்தில் கருணை இல்லையென்றால், ஒரு கடிதம்கூடக் கடல் தாண்டாது.

சட்டத்துக்குள் வந்த நம்பிக்கை

அதே 1818-ல் சுமத்ராவின் பென்கூலனுக்கு ஆளுநராக வந்தார் ராஃபிள்ஸ். அங்கும் இந்தியக் கைதிகள் இருந்தார்கள். எப்படி நடந்தாலும் ஒரே தண்டனை என்றால் எவன் திருந்துவான் என்று அவர் யோசித்தார். கைதிகளை நடத்தைப்படி மூன்று வகுப்பாகப் பிரித்தார். நல்லவர்கள் நிலம் பெற்றுக் குடியமரலாம், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம் என்று வழி திறந்தார். பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனபோது, 1825-ல் கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றப்பட்டார்கள். 1827-ல் பினாங்கு விதிகள் வந்தன. நன்னடத்தையால் வகுப்பு வகுப்பாக மேலேறி, கடைசியில் அனுமதிச் சீட்டோடு வெளியே பிழைக்கலாம்.

பலன் என்ன? கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக்கும் அளவுக்கு நம்பிக்கை வளர்ந்தது. பிற்காலத்தில் சிங்கப்பூர்ச் சிறையை நடத்திய மேக்நேர், 1899-ல் இந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். கல்லுடைத்தவர்கள் கொத்தனாரானார்கள், தச்சரானார்கள், கொல்லரானார்கள். ஜார்ஜ் டவுனில் 1818-ல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயத்தில் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் கட்டியவர்கள் அவர்களே. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் தேங்காய் நார் ஊறிய தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசிய அந்தச் சுவர், பளிங்குபோல் மின்னியது.

இது முழுக்கக் கருணை என்று சொன்னால் பொய். கம்பெனிக்கு மலிவான கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். சீட்டு வாங்கியவர்களும் நினைத்தபடி ஊர் திரும்ப முடியாது. ஆனாலும் 1873-ல் இந்தக் கைதி முறை முடிந்து, மீதிப் பேர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டபோது, சீட்டுப் பெற்ற பலர் குடிமக்களாக இங்கேயே தங்கினார்கள். குற்றவாளி என்ற பெயரோடு வந்தவர்களை ஊர் ஏற்றுக்கொண்டது.

சரி, துரைசாமியின் கதையில் கருணையால் மீண்டவர் யார்? அவர் திருந்த வேண்டிய குற்றம் எதுவும் செய்யவில்லை. மீண்டவர் வெல்ஷ்தான். விருந்திட்ட வீட்டை அழித்த படையில் இருந்தவர் அவர். 1830-ல் வந்த தம் நினைவுக் குறிப்புகளில் வெற்றியை மட்டும் எழுதி முடித்திருக்கலாம். அந்தத் தளர்ந்த மனிதரின் கண்ணீரையும், தம்மால் முடியாமல் போனதையும் சேர்த்தே எழுதினார். பினாங்கில் துரைசாமி பட்ட பாடு இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அந்தப் பக்கங்களும் ஒரு காரணம்.

சின்ன மருது கொடுத்த அன்பு, மகனின் காலில் விலங்கைத் தளர்த்தியது. விலங்கைத் தளர்த்திய கை, தன் கறையையும் கொஞ்சம் கழுவிக்கொண்டது. கருணை, பெறுகிறவரை மட்டுமல்ல, கொடுக்கிறவரையும் மீட்கிறது.