எண்ணுவதும் அளப்பதும்: ஆங்கிலப் பெயர்ச்சொற் பாகுபாடு ஒன்றின் வரலாறு

ஆங்கிலேயர் அடுக்களையில் பட்டாணி ஒருகாலத்தில் எண்ணும் பொருளாக இருக்கவில்லை. அளக்கும் பொருளாகவே இருந்தது. இலத்தீனிலிருந்து பழைய ஆங்கிலத்துள் புகுந்த அச்சொல் பின்னாளில் 'பீஸ்' என வழங்கிற்று. கூழாகவும் களியாகவும் ஆக்கி உண்ட அத்தானியத்தை, நம்மவர் கேழ்வரகைக் கூறுவதுபோல், மொத்தமாகவே அவர்கள் கூறினர். ஆனால் சொல்லின் இறுதியில் நின்ற ஒலி பன்மை விகுதிபோல் செவியில் விழுந்துகொண்டே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வொலியைக் களைந்து, ஒற்றை மணியைக் குறிக்கும் ஒருமைச் சொல் ஒன்றை ஆக்கிக்கொண்டனர். அதன்பின் பட்டாணி மணிமணியாக எண்ணப்படலாயிற்று. அதற்கு முன்பே, பிரெஞ்சு வழி வந்த 'செரீஸ்' இதே மயக்கத்தால் 'செர்ரி' ஆகியிருந்தது. பட்டாணியிலோ பழத்திலோ எம்மாற்றமும் இல்லை; மாறியது சொல்லே.

எண்ணத்தகு பெயர், எண்ணலாகாப் பெயர் என இன்று பள்ளிதோறும் கற்பிக்கப்படும் பாகுபாட்டின் வரலாறு இத்தகைய மாற்றங்களால் ஆனது. எனினும் பழைய இலக்கண ஆசிரியர்கள் இதனை மொழியின் செயலாகக் கருதவில்லை. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் யார்க் நகரருகே குடியேறிய லிண்ட்லி மரே, அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றன் தேவைக்காக எழுதி 1795இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது. சில பெயர்கள் ஒருமையிலும் சில பன்மையிலும் மட்டுமே வருவதற்கு, அவை குறிக்கும் பொருள்களின் இயல்பே காரணம் என்பது மரேயின் விளக்கம். ஒருமையில் மட்டும் வருவனவற்றுக்கு அவர் தந்த சான்றுகளுள் கோதுமையும் பொன்னும் அடங்கும்.

இவ்விளக்கம் பார்வைக்கு நேர்த்தியானது, ஆராய்ந்தால் நில்லாதது. கோதுமையைக் குறிக்கும் 'வீட்' ஆங்கிலத்தில் எண்ணலாகாப் பெயர். ஓட்ஸோ பன்மைப் பெயர். இரண்டும் ஒரே களத்தில் அடித்துத் தூற்றப்படும் தானியங்களே. பொருளின் இயல்பு இலக்கணத்தை வகுக்குமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? அமெரிக்க மொழியியலறிஞர் லெனார்ட் புளூம்ஃபீல்டு 1933இல் வெளிவந்த தம் 'மொழி' என்னும் நூலில் இந்த இணையையே சான்றாக எடுத்துக்கொண்டார்.

எண்ணலாகாதன என்று இன்று விலக்கப்படும் சொற்களை ஆங்கிலேயரே முன்பு தயக்கமின்றி எண்ணியும் இருக்கின்றனர். ஃபிரான்சிஸ் பேக்கன் 1605இல் வெளியிட்ட கல்வி வளர்ச்சி பற்றிய நூலில் 'நாலெட்ஜ்' என்னும் சொல்லைப் பன்மையில் ஆள்கின்றார். 'இன்ஃபர்மேஷன்' பன்மை விகுதியுடன் பல காலம் வழங்கிற்று. தொலைவிலிருந்து வரும் வணிகச் செய்திகளை 'அட்வைசஸ்' என்றே வணிகர் எழுதினர். 'லெஸ்' என்னும் சொல்லை எண்ணத்தகு பொருளோடு சேர்த்தல் ஆகாது என்னும் விதியும் இத்தகையதே. 9ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் மன்னர் காலத்திலேயே அச்சேர்க்கை உண்டு. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் அவ்விடத்தில் 'ஃபியூவர்' நயமாக இருக்கும் என்று தம் கருத்தாகவே எழுதினார். ஒருவரது செவிச்சுவை பின்வந்தோரிடம் சட்டமாயிற்று.

இவ்வரலாற்றை அறியாத நிலையில்தான் தமிழ் மாணவனின் விடைத்தாள் சிவப்பு மையால் நிறைகின்றது. அறிவுரைகள், தகவல்கள், செய்திகள் என்று இயல்பாகப் பேசி வளர்ந்தவன் 'அட்வைஸ்' என்பதற்கும் பன்மை விகுதி சேர்ப்பதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் அறிவுரையைத் 'துண்டு' கணக்கில் கூறுவதே கவிஞர்க்கு நகைப்பூட்டும். அவன் மொழிக்கு வேறொரு நெறி உண்டு. அஃறிணைப் பெயர் 'கள்' விகுதி பெற்றும் வரலாம். பெறாது நின்று, வினைமுடிவால் ஒருமை பன்மை உணர்த்தவும் செய்யலாம் என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்னும் இரண்டும் வழுவற்றவை. ஒவ்வொரு பெயரும் எண்ணுக்கு உட்பட்டதா இல்லையா என்று வாய் திறக்குமுன் தீர்மானிக்கும் கட்டாயம் தமிழனுக்கு இல்லை. ஆதலின் அவன் செய்வதை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. தன் மொழியின் ஒழுங்கைப் பிறமொழிக்குள் எடுத்துச் செல்கின்றான் என்பதே உண்மை.

இப்பாகுபாட்டுக்குத் தெளிவான பெயர் சூட்டிய அறிஞரும் ஆங்கிலேயர் அல்லர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியரான டென்மார்க்கு நாட்டு ஓட்டோ யெஸ்பர்சன், 1914இல் வந்த தம் ஆங்கில இலக்கணத்தின் இரண்டாம் பகுதியிலும், 1924இல் வந்த 'இலக்கணத் தத்துவம்' என்னும் நூலிலும் இதனை விரித்துரைத்தார். வரம்பும் வடிவும் உடைய பொருளை நினைவூட்டாத பெயர்களை அவர் திரள்பெயர் என வகுத்தார். வெள்ளி, நீர், வெண்ணெய் ஆகியவற்றோடு இசையையும் ஓய்வையும் ஒரே வகையில் வைத்தது அவரது நுட்பம்.

அந்நுட்பம் கற்போர் கைக்கு வந்த இடம் தோக்கியோ. 1922இல் சப்பான் சென்ற ஹரால்டு பாமர் அங்கு ஆங்கிலப் பயிற்றாய்வுக் கழகம் ஒன்றை நிறுவினார். ஓராயிரம் சொற்களின் இலக்கணத்தை விளக்கி 1938இல் அவர் வெளியிட்ட நூல் எண்ணத்தகு, எண்ணலாகா வேறுபாட்டைச் சொல்தோறும் காட்டியது. அவர் வழியில் ஏ. எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோர் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் அச்சேறியது. அப்போது இரு நாடுகளும் போரில் இருந்தன. ஹார்ன்பி தாயகம் திருப்பி அனுப்பப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அவ்வகராதியை மறுபதிப்பாக வெளியிட்டது. தாய்மொழியாகப் பேசுவோர்க்குத் தேவைப்படாத அடையாளக் குறிகள், பெயர்களில் ஒருமை பன்மை வேறுபாட்டைக் கட்டாயமாக்காத மொழியைப் பேசிய சப்பானிய மாணவரை முன்னிட்டுப் பிறந்தன. அவ்வகராதியின் பின்வந்த பதிப்புகளே நம் கல்லூரி நூலகங்களிலும் இடம்பெற்றன.

பட்டாணிக்கு நேர்ந்தது இன்றும் நேர்ந்தவண்ணம் உள்ளது. 'மெயில்' எண்ணலாகாப் பெயர். அதிலிருந்து பிறந்த 'இமெயில்' ஒன்று, இரண்டு, பத்து என எண்ணப்படுகின்றது.