நாற்பது நாள் முளைக்கயிறு: இந்திய லாயங்களில் குதிரையின் நடை

பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தைப் பற்றி எழுதுவோர் இரண்டு சாட்சிகளைத் தவறாமல் அழைப்பர். ஒருவர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைக் கண்ட மார்கோ போலோ. மற்றவர் ஈரானில் இல்கானியர் ஆட்சிக்காலத்தில் வரலாறு எழுதிய வஸ்ஸாஃப். அரசன் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது போலோவின் கூற்று. கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒவ்வொன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் வஸ்ஸாஃப் குறிக்கிறார். இவற்றிலிருந்து பெரும்பாலான நூல்கள் ஒரே முடிவுக்கு வருகின்றன: தென்னிந்தியத் தட்பவெப்பம் குதிரைக்கு ஒவ்வாது, ஆகவே இறக்குமதி ஓயவில்லை.

ஆனால் வஸ்ஸாஃபின் வாசகம் வெயிலைக் குற்றஞ்சாட்டவில்லை. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும், நெய் கலந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கிறார்கள்; கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போடுகிறார்கள்; பிறகு எந்தப் பழக்கமும் இன்றித் திடீரென ஏறி விரட்டுகிறார்கள்; விரைவும் வலுவும் மிக்க குதிரைகள் குறுகிய காலத்தில் பயனற்றுப் போகின்றன என்பதே அவர் சொல்வது. நாற்பது நாள் கட்டு என்னும் இந்தச் செய்தி, பெரும்பாலும் உணவைப் பற்றிய வியப்புக் குறிப்போடு சேர்த்துக் கடந்து செல்லப்படுகிறது. உண்மையில் வாசகத்தின் மையம் அதுவே.

குதிரையின் உடல் நடப்பதற்கென அமைந்தது. திறந்தவெளியில் வாழும் குதிரை நாளில் ஏறக்குறைய 16 மணிநேரம் மேய்கிறது. மேய்வதென்பது மெல்ல நடப்பதும்தான். அதன் இரைப்பை சிறியது. அமிலமோ இடைவிடாமல் சுரக்கிறது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குளம்பு அழுந்தி விரிவதால் காலிலிருந்து குருதி மேலேறுகிறது. நடை நின்றால் கால்கள் வீங்கும், குடல் மந்தமாகும், வயிற்றுவலி வரும். முழுத் தானியம் தின்று ஓய்ந்து நின்ற குதிரையை மறுநாள் கடுமையாக ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதையும், சிறுநீர் கருத்துப்போகும். ஞாயிறு ஓய்வுக்குப் பின் வேலைக் குதிரைகளைத் தாக்கியதால் ஐரோப்பியர் இதனைத் 'திங்கட்கிழமை நோய்' என்றனர். வஸ்ஸாஃப் வருணிக்கும் நாற்பது நாளும் அதன்பின் வரும் திடீர் ஓட்டமும் இந்நோய்க்கு ஏற்ற சூழலேயாகும்.

லாயத்துக் குதிரையை நாளும் எவ்வளவு நேரம் வெளியே விடவேண்டும் என்பது ஐரோப்பாவில் குளிர்காலக் கேள்வி. பனியும் சேறும் குறுகிய பகலும் அங்கே குதிரையை உள்ளே நிறுத்துகின்றன. இந்தியாவில் பருவக் கணக்கு வேறு. இங்கே குதிரை கட்டுண்டு நின்றது மழைக்காலத்தில். குளிர்காலமோ படை நகரும் காலம். ஆசுவயுச மாதத்தின் ஒன்பதாம் நாளில் குதிரைகளுக்கு நீராஜனம் செய்யவேண்டும் என்று அர்த்தசாஸ்திரத்தின் அசுவாத்தியட்சப் பகுதி விதிக்கிறது. மழை ஓய்ந்து பாதைகள் திறக்கும் தருணம் அது. அதே பகுதி தேர்க் குதிரைக்கு 6, 9, 12 யோசனையும், சவாரிக் குதிரைக்கு 5, 7½, 10 யோசனையும் எனத் தரத்திற்கேற்ப வழித்தொலைவை வரையறுக்கிறது. குதிரையின் திறனைத் தீனியால் மட்டுமன்றி நடையாலும் அளந்த மரபு இது.

12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த மானசோல்லாசம், குதிரை ஓட்டும் வெளியை 'வாஹ்யாலி' என்று சுட்டி அதன் விளையாட்டுக்குத் தனிப்பகுதி ஒதுக்குகிறது. அச்சொல்லே தமிழில் 'வையாளி' ஆனது. குதிரைகளைப் பழக்கும் அகன்ற தெருவுக்கு 'வையாளி வீதி' என்று பெயர். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்தில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் கண்டருளும் ஓட்டமும் வையாளியே. லாயத்திற்கு வெளியே குதிரைக்கென ஒரு வெளி வேண்டும் என்ற அறிவு இம்மண்ணில் இல்லாதிருந்தால் அதற்கென ஒரு சொல் இத்தனை நூற்றாண்டு நிலைத்திராது.

அப்படியெனில் அறிந்திருந்தும் ஏன் கட்டிப்போட்டார்கள்? விடை ஆட்கணக்கில் இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் காயடிக்காத ஆண் குதிரைகளையே வைத்திருந்தனர். வேலியிட்ட புல்வெளியில் அவற்றைச் சேர்ந்தாற்போல் அவிழ்த்துவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். எனவே தலைக்கயிறும் பின்காற்கயிறும் பூட்டி வரிசையாக நிறுத்தினர். இந்துஸ்தானியில் அகாடி, பிச்சாடி என்பன அவை. இம்முறையில் குதிரை தானாக நடக்க வழியில்லை. ஒருவர் அவிழ்த்துக் கைப்பிடியாக நடத்தவேண்டும். குதிரையின் ஒவ்வொரு நாழிகை நடையும் ஒரு மனிதரின் ஒரு நாழிகை உழைப்பு.

அக்பரின் லாயங்களைப் பற்றி அயினி அக்பரி தரும் விவரம் இதனைத் தெளிவாக்குகிறது. அரசருக்குரிய முதல்தரக் குதிரைக்கு நாளொன்றுக்கு 2 சேர் மாவு, 1½ சேர் சர்க்கரை. குளிர்காலத்தில் பசும்புல் வரும்வரை அரை சேர் நெய்யும் உண்டு. இத்தனை வளமான தீனி தின்ற குதிரை நின்றபடியே இருந்தால் என்னாகும் என்பதை அந்நிர்வாகம் உணர்ந்திருக்க வேண்டும். ஆகவேதான் இரண்டு குதிரைக்கு ஒரு சயீஸ், ஏறி ஓட்டி வேகத்தைக் கணிக்கச் சாபுக்சவார், நோய் பார்க்க மருத்துவர், லாடம் அடிப்பவர் எனப் பணியாளர் பட்டியல் நீள்கிறது. நெய்யையும் சர்க்கரையையும் மட்டும் பின்பற்றி, ஆட்களைக் குறைத்துக்கொண்ட லாயம் எதுவாயினும் அங்கே வஸ்ஸாஃபின் நாற்பது நாள்தான் மிஞ்சும்.

சாட்சிகளின் சார்பையும் மறக்கலாகாது. வஸ்ஸாஃப் குதிரையை விற்ற கரையைச் சேர்ந்தவர். வாங்குபவரின் அறியாமையே வணிகத்தின் லாபம் என்பது அவர் பக்கத்துக்கு உவப்பான கதை. லாடம் அடிப்பவர்களும் குதிரை மருத்துவம் அறிந்தவர்களும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தனர் என்கிறார் போலோ. கரையோர ஈரமும் மேய்ச்சல் நிலக் குறைவும் மெய்யான இடர்களே, அவற்றை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அறிவைக் கரையேறவிடாமல் குதிரையை மட்டும் இறக்கிய ஒரு வணிகத்தின் விளைவை முழுவதுமாக வெயிலின்மீது ஏற்றுவது வரலாறாகாது.

சயீஸ் என்ற சொல் அரபு. குதிரையைப் பேணி நடத்துதல் என்ற பொருள்கொண்ட அதே வேரிலிருந்துதான் ஆட்சிநடத்துதலைக் குறிக்கும் 'சியாசத்' என்ற சொல்லும் பிறந்தது. உருதுவில் இன்றும் அரசியலுக்கு அதுவே பெயர். சியாசத்தின் வரலாறு பல தொகுதிகளாக எழுதப்பட்டுவிட்டது. விடியலில் பிச்சாடியை அவிழ்த்துக் குளிரில் குதிரையோடு நடந்த சயீஸின் வரலாறு லாயக் கணக்கேடுகளில் ஒரு கூலி வரியாக மட்டுமே கிடக்கிறது. இந்தியா குதிரைக்கு ஆகாத நாடு என்ற வாக்கியத்தை எழுதும் முன் அந்த வரியைத் தேடிப் படித்தாக வேண்டும்.