சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி: டெல்டா வீடுகளின் காற்று வரலாறு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுல ராஜாக்கள் கொஞ்சமாத்தான் வருவாங்க. கொத்தனாரும் ஆசாரியும்தான் நிறைய வருவாங்க. ஏன்னா நாம பேசப்போறது ஜன்னலைப் பற்றி. இன்னும் சரியாச் சொன்னா, ஒரு புது ஜன்னலைச் சுவரில் ஒழுங்காகப் பொருத்துவது என்கிற வேலை தஞ்சாவூர்ப் பக்கம் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கு என்பதைப் பற்றி.

"இதுல என்ன வரலாறு இருக்கு?"ன்னு கேட்கலாம். முதல்ல அந்தச் சொல்லையே பாருங்க. ஜன்னல் தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துகீசிய மொழியில் 'ஜனேலா'. சாவி, அலமாரி, மேசை எல்லாம் வந்த அதே கப்பலில் வந்த சொல். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே நாகப்பட்டினத்தில் குடியேறிவிட்டார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். ஆட்சி போனது, சொல் தங்கிவிட்டது.

அப்போ அதுக்கு முன்னாடி நம்மிடம் ஜன்னல் இல்லையா? இருந்தது. பெயர்தான் வேற. சாளரம், பலகணி, காலதர். இதுல எனக்கு ரொம்பப் பிடித்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வருது. புகார், அதாவது காவிரிப்பூம்பட்டினம், காவிரி கடலில் கலக்கும் இடம். டெல்டாவின் வாசல்.

நாலு காற்று, ஒரு திறப்பு

தமிழில் காற்றுக்குத் திசை வாரியாகப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. திசைக்கு ஒரு பெயர் வைக்கிற அளவுக்குக் காற்றைக் கவனித்தவர்கள், அதுக்கு வழிவிடுகிற திறப்பையும் கவனித்துத்தானே கட்டியிருப்பார்கள்?

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் இதற்குச் சாட்சி இருக்கு. வேனிற்காலத்தில் தென்றலைக் கொண்டுவரும் சாளரத்தை, குளிர்காலம் வந்ததும் இரட்டைக் கதவை நெருக்கிச் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்டு மூடிவிடுகிறார்கள். அதே பாட்டில், அரண்மனை கட்டுவதற்கு நூல் தெரிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை பார்த்து அளக்கிற காட்சியும் வருது. ஆக, ஒரு ஜன்னல் ரெண்டு வேலையைச் செய்யணும். வேண்டிய காற்றை உள்ளே விடணும், வேண்டாத காற்றையும் மழையையும் வெளியே நிறுத்தணும். இந்த ரெண்டும் சேர்ந்து நடக்கணும்னா அளவு சரியா இருக்கணும், கதவு சட்டத்தோடு ஒட்டி உட்காரணும். இன்னைக்கும் ஜன்னலுக்கு இதுக்கு மேல ஒரு பரீட்சை கிடையாது.

கூரையில் இருந்த ஜன்னல்

இப்போ ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து பழைய தெருவை நினைச்சுப் பாருங்க. கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, எதுவானாலும் சரி. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரும் நம்ம வீட்டுச் சுவரும் ஒண்ணு. அப்போ பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. தெருப்பக்கம் ரெண்டு, கொல்லைப்பக்கம் ஒண்ணு. நீளமான வீட்டுக்கு அது எப்படிப் போதும்?

அதுக்குத்தான் முற்றம். அந்த வீட்டின் மிகப் பெரிய ஜன்னல் கூரையில் இருந்தது. வெயிலில் சூடான காற்று முற்றம் வழியா மேலே போகும், திண்ணைப்பக்கமும் கொல்லைப்பக்கமும் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். தெரு ஜன்னல் சின்னதா இருந்தாலும் வேலை செய்ததுக்குக் காரணம் இந்த முற்றம். முற்றத்தை மூடிவிட்டு, "பழைய வீடு புழுங்குது"ன்னு சொன்னா, தப்பு பழைய வீட்டு மேல இல்லை.

தரங்கம்பாடியிலிருந்து பர்மா வரை

1620ல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1845ல் அவர்கள் அதை ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட 225 வருஷத்தில் அங்கே ஐரோப்பிய வீடும் தமிழ் வீடும் ஒரே கோட்டைக்குள் பக்கத்துத் தெருக்களில் நின்றன. ஐரோப்பியர் வீட்டில் உயரமான பெரிய ஜன்னல்கள், அதுக்கு முன்னாடி தூண் வைத்த தாழ்வாரம், சாய்ந்த பலகைகளை அடுக்கிய மரக் கதவுகள். வெயிலும் மழையும் நிற்கும், காற்று மட்டும் நுழையும். கோவாவில் போர்த்துகீசியர் இன்னொரு வழி கண்டார்கள்: கண்ணாடிக்குப் பதிலா, ஒளி ஊடுருவும் மெல்லிய சிப்பி ஓடுகளைச் சட்டத்தில் பதித்தார்கள். வெளியிலிருந்து வந்தவனும் இந்த வெயிலிடம் பாடம் படித்துத்தான் ஜன்னல் வைக்க வேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் அடுத்த மாற்றம். பர்மா கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1885ல் முழுசா. அங்கிருந்து தேக்கு கப்பலேறியது. 1860களின் தொடக்கத்திலேயே நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் ரயில் இணைத்துவிட்டது. நெல்லில் பணம் பார்த்தவர்கள் வீட்டுக்கு பர்மாத் தேக்கு வந்தது. நம்ம தாத்தா வீடுகளில் பார்க்கிற நாலு கதவு ஜன்னல் ஞாபகம் இருக்கா? மேலே ரெண்டு, கீழே ரெண்டு, நடுவில் செங்குத்தா இரும்புக் கம்பி. கீழ்க் கதவை மூடினா தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் உட்காரலாம், மேல் கதவு திறந்திருந்தா காற்று வரும்.

ஆனா இந்த ஜன்னலில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்றது மரத்தை இல்லை. அது சுவருக்குள் எப்படி நின்றது என்பதை.

முதலில் நிலை, பிறகு சுவர்

அந்தக் காலத்து வேலை முறை இது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் ஆசாரி செய்த சட்டத்தை நிறுத்துவார்கள். தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துப் பார்ப்பார்கள், ரசமட்டம் வைத்துப் படுக்கை பார்ப்பார்கள். சட்டத்தின் மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கும், கொம்பு மாதிரி. அதைச் சுற்றிக் கொத்தனார் செங்கல் வைத்துக் கட்டுவார். அதாவது ஜன்னல் முதலில் நிற்கும், சுவர் அதைக் கட்டிப்பிடித்து வளரும். வாசல் நிலை வைக்கிறப்போ நல்ல நேரம் பார்த்து மஞ்சள் குங்குமம் வைக்கிறதுக்கும் இதில் ஒரு அர்த்தம் இருக்கு. நிலை கோணினா அதுக்கப்புறம் அந்தச் சுவர் முழுக்கக் கோணல்தான்.

இன்னைக்கு வரிசை தலைகீழ். சுவர் முதலில் எழும்பிப் பூச்சும் முடிஞ்சிடும். ஒரு ஓட்டை மட்டும் காத்திருக்கும். ஜன்னல் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் தயாராகி, கடைசியில் வண்டியில் வந்து இறங்கும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு பெரிய பெரிய தட்டைக் கண்ணாடி நமக்குப் பக்கத்திலேயே கிடைக்க ஆரம்பிச்சது. அலுமினியம் வந்தது, பின்னாடி யுபிவிசி வந்தது. இதெல்லாம் நல்ல பொருள்தான். கரையான் அரிக்காது, மழையில் ஊறாது.

ஆனா ஒரு புது விஷயம் பிறந்துவிட்டது: இடைவெளி. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் கூட நுழையாத இடம். பழைய முறையில் அது கிடையாது. இன்னைக்கு ஒரு ஜன்னல் ஒழுகுமா, ஆடுமா, இருபது வருஷம் நிற்குமான்னு தீர்மானிக்கிறது அந்த இடம்தான்.

பெரியப்பா வீட்டு ஐப்பசி

எங்க பெரியப்பா வீடு கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. மூணு வருஷம் முன்னாடி தெருப்பக்கத்து மர ஜன்னலை எடுத்துட்டு, வெள்ளை யுபிவிசி ஸ்லைடிங் போட்டாங்க. ஐப்பசி அடைமழையில் ஜன்னலுக்குக் கீழே சுவர் முழுக்க ஓதம். பெரியம்மா, "ஏப்பா, கண்ணாடி நல்லாத்தானே இருக்கு, தண்ணி எங்கேர்ந்து வருது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. கண்ணாடி வழியா ஒரு சொட்டு வரலை. அந்த இடைவெளி வழியாத்தான் வந்தது. போட்டவர்கள் மஞ்சள் ஃபோம் அடித்து, மேலே சிமெண்ட் பூசிட்டுப் போயிருந்தார்கள்.

ஃபோம் இடத்தை நிரப்பும், ஆனா மழையைத் தடுக்கிற வேலைக்கு அதை நம்ப முடியாது. வெளிப்பக்கம் சிலிக்கான் மாதிரி நெகிழ்கிற பொருள் வேணும், ஏன்னா யுபிவிசி வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். சிமெண்ட் அதோட சேர்ந்து நீளாது, மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியா தண்ணி உள்ளே போகும்.

அப்புறம் வாட்டம். ஜன்னலுக்குக் கீழே இருக்கிற கட்டை வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கணும், தண்ணி தெருவுக்கு ஓடணும். மேலே சன்ஷேடுக்கு அடியில் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன பள்ளக் கோடு இருக்கணும், இல்லைன்னா மழைத்தண்ணி அடிப்பக்கமாவே ஊர்ந்து சுவருக்கு வந்துடும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அது தண்ணி வெளியேற. அதைப் பூசி அடைத்தா ட்ராக் ஒரு வாய்க்கால், வடிகால் இல்லாத வாய்க்கால். டெல்டாக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடிகால் இல்லாத வயல் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

இன்னொண்ணு, அந்தச் சுவரே வேற ஜாதி. டெல்டா வண்டல் பூமி. பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. சாதாரண வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும். கான்கிரீட்டைப் பிடிக்கிற மாதிரி சுண்ணாம்புச் சுவர் ஆங்கர் போல்ட்டைப் பிடிக்காது. கல்லோட விளிம்பில் துளை போட்டா கல் பிளக்கும். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சுற்றி சிமெண்டால் அடைத்தா ஈரம் உள்ளேயே தங்கி உப்பு பூத்து உதிரும். தரங்கம்பாடியில் 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைப் புதுப்பித்தபோது சுண்ணாம்புப் பூச்சுக்கும் மரவேலைக்கும் திரும்பப் போனதை வெறும் பழமை மோகம்னு பார்க்க வேண்டாம். அந்தச் சுவருக்கு ஒத்துப்போகிற பொருள் அது.

காற்று உள்ளே புகுந்தால்

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையைக் கடந்தது. தென்னை போனதைப் பற்றி நிறையப் பேசினோம். கூரையைப் பற்றி ஒரு விஷயம் சொல்றேன். புயலில் காற்றடிக்கிற பக்கத்து ஜன்னல் பிய்த்துக்கொண்டால், காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரம் வெளியே ஓடுகிற காற்று கூரையை மேலிருந்து உறிஞ்சும். ரெண்டும் சேர்ந்தால் ஓடும் ஷீட்டும் தாங்காது. ஆக, கரையோர மாவட்டத்தில் ஜன்னலைச் சுவரோடு உறுதியாகப் பிணைக்கிறது கூரையைக் காப்பாத்துற வேலை. நாலு மூலைக்கும் கிட்ட ஒரு போல்ட், நடுவில் ரெண்டு அடிக்கு ஒண்ணு. ஃபோமை மட்டும் நம்பி நிற்கிற ஜன்னலை நாகப்பட்டினத்தில் யாரும் ஏத்துக்கக் கூடாது.

புயல் எப்போதாவதுதான் வரும். புழுக்கம் தினமும் வரும். நம்ம மாதிரி ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊருக்கு, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேணும்னு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நாலுக்கு அஞ்சு ஜன்னல் வைத்தா கணக்கு சரியா வரும். ஆனா அது ரெண்டு கதவு ஸ்லைடிங்கா இருந்தா ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். 20 போய் 10 ஆயிடும். பழைய நாலு கதவு ஜன்னல் முழுசாத் திறந்தது. அதே ஓட்டை, பாதி காற்று.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால்

சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இதைக் கேட்கிற உங்களில் பலருக்கு ஊரில் ஒரு வீடு இருக்கு. "ஜன்னலை மாத்திடலாமா?"ன்னு அப்பா போனில் கேட்கிற நாள் வரும். மாத்துங்க, தப்பே இல்லை. தேக்குச் சட்டம் நல்லா இருந்தா கதவை மட்டும் மாத்த முடியுமான்னு முதலில் ஒரு ஆசாரியிடம் கேளுங்க. புதுசுதான்னு முடிவானா, முழுசாத் திறக்கிற வகையைப் பாருங்க. வேலை நடக்கிற அன்னைக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் நில்லுங்க. மூலைக்கு மூலை டேப் பிடிச்சா ரெண்டு அளவும் ஒண்ணா வருதா, தூக்குக்குண்டு நேரா நிக்குதா, போல்ட் எத்தனை, இடைவெளியை எதை வைத்து மூடுறாங்க, கட்டை எந்தப் பக்கம் வாட்டம், இதையெல்லாம் கேளுங்க. பூச்சு வேலை தொடங்கும் முன்னாடி ஒரு குடம் தண்ணியை வெளிப்பக்கத்திலிருந்து ஜன்னல் மேல ஊத்திப் பாருங்க. பத்து நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

முற்றத்தை மட்டும் மூட விடாதீங்க. அது இருக்கிற வரைக்கும், நீங்க வாங்குற ஜன்னல் சின்னதா இருந்தாலும் போதும்.

அடுத்த எபிசோடுல முற்றத்து ஓட்டுக்குப் போவோம். அதுவரைக்கும், வணக்கம்.