திருத்தணி வீரட்டானேசுவரம்: மாமல்லபுர மரபின் நீட்சி

திருத்தணி மலைக்கு ஏறுவோருள் பலர் ஊரிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலை அறியார். 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி அது. மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட தூங்கானைமாட வடிவம் இங்குக் கருங்கற்களை அடுக்கிக் கட்டப்பட்டுள்ளது. மன்னனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இத்திருப்பணியைக் கூறுவதோடு, அரசனே பாடிய வெண்பா ஒன்றையும் தாங்கியுள்ளது. பல்லவ மன்னரின் படைப்பு என்றதும் 'மத்தவிலாசம்' என்னும் வடமொழி நாடகத்தையே நினைக்கும் நமக்கு இத்தமிழ்ச் சான்று அரிது.

1984இல் உலக மரபுச் சின்னமான மாமல்லபுரத்தோடு திருத்தணியையும் சேர்த்துக் கருதுதல் தகும். 1987இல் தஞ்சைப் பெரிய கோயில் மட்டுமே இடம்பெற்ற பதிவில், கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004இல் இணைக்கப்பட்டமை இதற்கு முன்மாதிரி.