மழை இறங்கியாச்சு: நரை அணிலும் நம்ம மலையடிவாரமும்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்க, கூட்டாளிங்ககிட்ட இருந்து போன் வர ஆரம்பிச்சிரும். மலை எப்படி இருக்கு, ஓடையில தண்ணி வருதா, செண்பகத்தோப்புக்கு வந்தா அணில் பார்க்கலாமா. இந்த மூணு கேள்விதான். முதல் ரெண்டுக்கும் ஒரு வார்த்தையில பதில் சொல்லிரலாம். மூணாவதுக்கு நூறு வருஷத்துக்கு மேலான கதையைச் சொன்னாத்தான் பதில் விளங்கும். அதான் இந்தப் பதிவு.

முதல்ல காலத்தைச் சொல்லிருதேன். ஐரோப்பாவில் இந்த மாசங்களை இலையுதிர் காலம் என்பார்கள். நம்ம மலையடிவாரத்தில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் எல்லாம் தளிர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிற ஊர்கள். ஆடி மாசத்துத் தென்மேற்குப் பருவமழையைக் கேரளப் பக்கமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். நமக்கு வருவது காத்துதான். நம்ம கிணறு நிறையணும்னா வடகிழக்குப் பருவமழை வரணும். ஐப்பசி, கார்த்திகையைப் பழந்தமிழர் கூதிர் என்றார்கள். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குச் சொல்லும் பெரும்பொழுதுகளில் ஒன்று இந்தக் கூதிர். மலையைப் பார்க்க ஏத்த காலம் எதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

இந்தக் காலத்தில் தோப்புக்குள்ளே போனால் விருந்தாளிக் கூட்டம். சாயங்காலம் இருட்டுற நேரத்தில் கூவும் ஆறுமணிக்குருவி வடக்கே இருந்து வந்து சேர்ந்திருக்கும். ஓடைக்கல்லு மேல வாலாட்டிக் குருவி நிக்கும். கறுப்பு இறக்கையில் நீலப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சிகள் சமவெளியில் இருந்து மலையைப் பார்த்துக் கூட்டங்கூட்டமாப் போகும். இதெல்லாம் வந்து போற கூட்டம். இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறது நரை அணில். சாம்பல் நிற அணில்னும் சொல்வாங்க.

இப்போ மலைக்குப் போறதுன்னா பைனாகுலர், கேமரா. அந்தக் காலத்தில் வேற. பளியர் மக்கள் தேனுக்கும் கிழங்குக்கும் மலையில் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் விறகுக்கும் தழைக்கும் போனார்கள். மலைமாட்டுக் கிடை வைத்திருந்தவர்கள் மாட்டை மேலே ஓட்டினார்கள். சிலர் வேட்டைக்குப் போனார்கள். உலகம் பூரா பேர் வாங்கின நம்ம ராஜபாளையம் நாய் வேட்டைக்குன்னு வளர்த்த இனம்தான். காட்டுப்பன்றியை மடக்குகிற நாய். 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதுக்குத் தபால்தலை வெளியிட்டது. அப்போ அது தோப்புக் காவலுக்கு மாறி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

இந்த மாத்தம் ஒரே நாளில் வரலை. மலைமேல கோடு போட்டுப் போட்டு வந்தது. முதல் கோடு 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம். மாகாணம் முழுக்கக் காடுகளை அளந்து, கல் நட்டு, ரிசர்வ் காடுன்னு ஆக்கினதுக்கு அதுதான் அடிப்படை. அப்போ நம்ம தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்த்தார்கள். 1985-இல் விருதுநகர் தனி மாவட்டமாச்சு. ஜில்லா மாறிக்கிட்டே இருந்தது, மலைக்கல் மட்டும் நட்ட இடத்தில் நின்னது. மேய்ச்சல், விறகு, தேன் எல்லாமே கல்லுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமாங்கிறதைப் பொறுத்ததாச்சு.

ரெண்டாவது கோடு 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதோட வேட்டை குற்றமாச்சு. மூணாவது 1988. அந்த வருஷம்தான் 485 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமா அறிவிச்சாங்க. யானையும் சிறுத்தையும் வரையாடும் இருக்கிற மலைக்கு ஒரு அணிலின் பேரை வைத்தார்கள். ஊரில் அப்போ சிரிச்சவங்க உண்டு. "அணிலுக்குப் போயி சரணாலயமாய்யா?" என்று டீக்கடையில் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு.

சிரிக்கிற விஷயம் இல்லை. இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது. 1769-இல் இலங்கை அணிலை வைத்துத்தான் பென்னன்ட் என்ற ஆங்கிலேயர் இதற்கு முதலில் அறிவியல் பெயர் கொடுத்தார். நம்ம நாட்டில் இங்கே, அழகர்மலையில், காவிரிக் கரைக் காட்டில், கேரளத்துச் சின்னாறில், இன்னும் சில இடங்களில் துண்டு துண்டாக இருக்கு. தலை முதல் வால் நுனி வரை அளந்தால் ரெண்டரை, மூணு அடிகூட வரும்.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். பக்கத்துச் சிவகாசியில் அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், பிறகு இந்தியா முழுவதும் அறியப்பட்ட காட்டுயிர் அறிஞர் ஆனார். 2024-இல் காலமானார். அவரும் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் 1994-இல் இந்த அணிலைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனுசனும் மாடும் கொடுக்கிற நெருக்கடியில் இதோட வாழிடமும் எண்ணிக்கையும் என்ன ஆகுதுங்கிறதுதான் அதன் பொருள்.

அணிலோட பிழைப்பு எதில் இருக்குன்னு கேட்டா, கிளையில் இருக்கு. இது லேசில் தரைக்கு இறங்காது. மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். உச்சியில் குச்சியும் இலையும் சேர்த்துக் கூடு கட்டும். அதுவும் பக்கத்து மரத்துக் கிளை வந்து உரசுகிற இடமாகப் பார்த்துக் கட்டும். கழுகோ பருந்தோ வந்தால் தாவி ஓட வழி வேணுமில்லையா? ஆக, ஒரு பெரிய மரம் தனியாக நின்னா அது அணிலுக்குத் தீவு. நாலு மரம் கிளை கோத்து நின்னாத்தான் வீடு.

இப்படிக் கிளை கோத்து நிற்கிற மரங்கள் மலை உச்சியைவிட ஓடைக்கரையிலும் அடிவாரத்திலும்தான் அதிகம். அடிவாரத்தில் பாதி நம்ம பட்டா நிலம். மாந்தோப்பு, புளியந்தோப்பு, தென்னந்தோப்பு. சரணாலயக் கோடு தோப்பு வேலியோட நின்னுரும். அணிலுக்கு அந்தக் கோடு தெரியாது. மாங்கா காய்க்கும்போது வரும், புளி பழுக்கும்போது வரும், என் தோப்பிலேயே கூடும் கட்டியிருக்கு.

2021 பிப்ரவரியில் நாலாவது கோடு வந்தது. நம்ம சரணாலயத்தையும் தேனிப் பக்கத்து மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தமிழ்நாட்டில் ஐந்தாவது. அடுத்த வருஷம் மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை போட்டு, பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும்னு மாத்திச்சு. காட்டுக்கு அது நல்லது. ஆனா தலைமுறையா மலைமாடு வச்சிருந்தவனுக்கு ஒரே உத்தரவில் பிழைப்பு கேள்விக்குறியாச்சு. ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைக்கக் கூடாது.

விவசாயிக்கும் கணக்கு இருக்கு. பன்றி வந்தா கடலைக்காடு ஒரு ராத்திரியில் உழுத காடாயிரும். யானை வந்தா தென்னங்கன்னு போச்சு. அணில் செய்யும் சேதம் அதுக்கு முன்னால தூசி. ஆனா அணிலுக்கு ஆபத்து வர்றது கோபத்தில் இல்லை, வருமானத்தில். புளி உலுக்க ஆள் கிடைக்கலை, கூலி கட்டலை. மாங்கா விலை ஒரு வருஷம் இருந்தா மறு வருஷம் இல்லை. அதனால புளியையும் மாவையும் வெட்டிட்டுத் தென்னை வைக்கிறாங்க, இல்லைன்னா பிளாட் போட்டு விக்கிறாங்க. தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கிளை கோக்காது. நடுவில் பத்து மரம் போனா மலையில் இருந்து ஓடைக்கு வர்ற வழி அறுந்துரும்.

என் தோப்பின் மேற்கு வரப்பில் ஆறு புளியமரம் நிக்குது. தாத்தா வச்சது. போன வருஷம் ஒரு வியாபாரி வந்து விலை பேசினார். நல்ல விலை, கிணறு ஆழப்படுத்துற செலவு அதில் அடங்கிரும். தம்பி வெட்டிரலாம்னு சொன்னான். "அண்ணே, அணிலா நமக்குக் கஞ்சி ஊத்தும்?"னு கேட்டான். கேள்வி நியாயம்தான். நான் ரெண்டு நாள் யோசிச்சேன். மலையோரத்து மாமரத்துக்கும் ஓடைக்கரை மருதமரத்துக்கும் நடுவில் அந்த ஆறும்தான் பாலம். வெட்டலை. கிணத்துக்குக் கடன் வாங்கினேன், இன்னும் கட்டிக்கிட்டு இருக்கேன். எல்லாராலும் இப்படிக் கடன் வாங்க முடியாது. அதனாலதான் சொல்றேன்: அடிவாரத்துல பழைய மரத்தை நிறுத்தி வைக்கிற விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு சின்ன ஊக்கத்தொகை கொடுத்தாக்கூட, அஞ்சாவது கோடு போடாமலேயே அணில் பிழைச்சுக்கும்.

பார்க்க வர்றவங்களுக்குச் சில விஷயம். வனத்துறை அனுமதி கேட்டுட்டு, காலையிலயே வாங்க. அணில் பகல்ல திரியுற உயிர். சத்தம் போடாம ஓரிடத்தில் உட்காருங்க. உச்சியில் படபடன்னு நீளமா ஒரு சத்தம் கேட்டா அதுதான். மேலே மழை மூட்டம் இருந்தா ஓடைக்குள்ள இறங்காதீங்க. 2015 மே மாசம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்தது மறக்கக் கூடாத பாடம். கீழே வெயில் அடிக்கும், மேலே பெய்ஞ்சுக்கிட்டு இருக்கும்.

அடிவாரத்தில் தோப்பு வச்சிருக்கிற அண்ணாச்சிமாருக்கு ஒண்ணே ஒண்ணு. மரத்துல கோடாலி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. உச்சியில் கூடு இருக்கான்னு மட்டும் பார்க்காம, எந்தக் கிளை எந்தக் கிளையோட கோத்திருக்குன்னும் பாருங்க.