அட்டைக் கிடாரும் கரிக் கிடாரும்

1862-ல் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் என்கிற கிடார் ஆசாரி ஒரு விஷமம் பண்ணினார். இன்றைக்கு கிளாசிக்கல் கிடார் என்று நாம் பார்க்கிற உருவத்தையும் அளவையும் கிட்டத்தட்ட முடிவு செய்தவரே அவர்தான். கிடாரின் உயிர் முன்பலகையில்தான் இருக்கு, முதுகும் பக்கப் பலகையும் எதுவானாலும் பெரிசா குடி முழுகிடாது என்பது அவர் கட்சி. வாயால் சொன்னால் எவன் நம்புவான்? முன்பலகைக்கு மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தைப் போட்டு, மற்றதையெல்லாம் காகிதக்கூழ் அட்டையில் செய்து ஒரு முழுக் கிடாரே கட்டிவிட்டார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது அது.

"கார்பன் ஃபைபர் கிடாரா? பிளாஸ்டிக்குல என்னய்யா சங்கீதம் வரும்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அட்டைக் கிடார் கதையைத்தான். அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கு. ஏன்னா நான் மரத்தை விட்டுட்டு கார்பனுக்குத் தாவின கட்சி. காரணம் சங்கீதம் கூட இல்லை, வெறும் காத்து. கடலோர ஊர்க் காத்து.

மரம் செத்த பிறகும் தண்ணி குடிக்கிற ஜந்து. நல்ல கிடார் தொழிற்சாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் கட்டிக் காப்பாற்றி, அதுக்குள்ளேதான் பலகையை ஒட்டுவார்கள். அங்கிருந்து ஈரமான ஊருக்கு வந்தால் முன்பலகை ஊறி உப்பும், கம்பி ஃப்ரெட்டை விட்டு மேலே ஏறும், விரல் நுனி புண்ணாகும். ஏசி ரூமில் வைத்தால் நேர் எதிர், காய்ந்து சுருங்கி வெடிக்கும். ஸ்டீல் கம்பிக் கிடாரில் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் பலகையும் அடியில் ஒட்டிய சில குச்சிகளும். வெடிக்காமல் இருக்கிறதுதான் ஆச்சரியம்.

நிற்க. இந்தக் கரி இழை எங்கிருந்து வந்தது?

எடிசன் பல்புக்காக மூங்கிலைக் கரியாக்கி இழை எடுத்ததே ஒரு வகையில் கார்பன் ஃபைபர்தான். ஆனால் வலுவான இழை 1958-ல் வந்தது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு ஆராய்ச்சிக்கூடத்தில் ரோஜர் பேக்கன் அதைச் செய்து காட்டினார். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடமும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலைச் சுட்டுக் கரியாக்கும் வழியைப் பிடித்தார்கள். நம்ம ஸ்வெட்டருக்கு வரும் அக்ரிலிக் நூலின் பங்காளிதான் இது. ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி அவசரப்பட்டு விமான எஞ்சின் விசிறி இறக்கையை இதில் செய்ய, 1970-ல் பறவை மோதும் சோதனையில் அது நொறுங்கிப்போனது. அடுத்த வருஷமே கம்பெனி திவால் (அதற்கு வேறு காரணங்களும் உண்டு). இப்படி ஆகாயத்தில் அடிபட்ட சாமான்தான் கிடாருக்கு வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவரும் ஆகாய ஆசாமிதான். சார்லஸ் கேமன், அமெரிக்காவில் ஹெலிகாப்டர் கம்பெனி நடத்தியவர். நல்லா கிடாரும் வாசிப்பார். 1966-ல் ஒவேஷன் என்ற பெயரில் கிடார் கொண்டு வந்தார். முன்பலகை மரம், முதுகு மட்டும் ஃபைபர்கிளாஸில் கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். ஹெலிகாப்டரில் அதிர்வைக் குறைப்பதே பிழைப்பாக இருந்தவர்கள் கிடாரில் அதிர்வை வளர்க்கப் போனார்கள்! கிளென் கேம்ப்பெல் மாதிரி பாடகர்கள் எடுத்து வாசிக்க, பிரபலமாகிவிட்டது. தோரெஸ் சொன்னதைத்தானே இவரும் செய்தார்? முதுகு எதுவானால் என்ன என்று.

ஆனால் தோரெஸே தொடாத முன்பலகையில் கை வைப்பதுதான் பெரிய சவால். ஸ்ப்ரூஸ் விசித்திரமான மரம். ரேகை ஓடும் திசையில் விறைப்பு, குறுக்கே அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எடையோ ரொம்பக் குறைச்சல். கார்பன் இழையையும் ஒரே திசையில் படுக்க வைத்து அந்தக் குணத்தைக் கொண்டு வரலாம். ஆனால் பிசினோடு சேர்ந்தால் ஸ்ப்ரூஸைப் போல மூணு மடங்குக்கு மேல் எடை. அதனால் ரொம்ப மெல்லிசாகப் போடணும், மெல்லிசாகப் போட்டால் துவளும். இதற்கு வழி சாண்ட்விச். 1970-களின் நடுவில் டேனியல் ஹெயின்ஸும், வயலின் ஆராய்ச்சியில் பெரிய பெயரான கார்லீன் ஹட்சின்ஸும், நடுவில் லேசான சாமான், ரெண்டு பக்கமும் கார்பன் என்று முன்பலகை செய்து பார்த்தார்கள். 1976-ல் கேமனின் ஆட்கள் அடமாஸ் என்ற கிடாரைக் கொண்டு வந்தார்கள். நடுவில் பிர்ச் மரத்தின் மெல்லிய சீவல், ரெண்டு பக்கமும் கார்பன். நடுவில் ஒரே பெரிய ஓட்டைக்குப் பதிலா மேல் மூலைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

மரத்தை மொத்தமாகத் தலைமுழுகியவர் ஜான் டெக்கர் என்ற இயற்பியல்காரர். இருந்தது ஹவாயில் மவுயி தீவு. அந்த ஈரத்தில் மரக் கிடார் என்ன பாடு படும்னு சொல்ல வேண்டாம். அனுபவமுள்ள கிடார் ஆசாரிகளைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, கழுத்து முதல் உடம்பு வரை கார்பனில் செய்து 1990-களில் விற்பனைக்குக் கொண்டு வந்தார். வைத்த பெயர் ரெயின்சாங், அதாவது மழைப்பாட்டு. இதைவிட நேர்மையான பெயர் எனக்குத் தெரிந்து எந்தக் கிடாருக்கும் இல்லை :-) அப்புறம் லூசியானாவில் எல்லிஸ் சீல் என்ற ராக்கெட் எஞ்சினியர், அயர்லாந்தில் அலிஸ்டர் ஹே என்று வரிசையாக வந்தார்கள். கவனிச்சீங்கன்னா, தொடங்கி வைத்தவர்களில் பாதிப்பேர் சங்கீத வியாபாரத்துக்கே வெளியாட்கள்.

இனி நம்ம ஊர் சம்பந்தப்பட்ட கதை. மரக் கட்சிக்காரர்கள் "ரோஸ்வுட் மாதிரி வருமா" என்று உருகுவார்கள். எந்த ரோஸ்வுட்? அந்தக் காலத்து மார்ட்டின் கிடார்களின் முதுகு பிரேசில் ரோஸ்வுட். 1960-களின் கடைசியில் பிரேசில் முழுக்கட்டை ஏற்றுமதியை இறுக்க, 1969 வாக்கில் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. வேற ஒண்ணும் இல்லை, நம்ம ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. முதலில் "இது அசல் இல்லை, பதிலி" என்றுதான் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஐம்பது வருஷத்தில் அந்தப் பதிலியே பாரம்பரியமாகி, இப்போ அதை வைத்துத்தான் கார்பனைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்!

பிரேசில் மரம் 1992-ல் அழியும் உயிரின வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலுக்குப் போனது. இங்கே 1994-ல் ஈட்டி மரத்தைக் காக்க என்றே தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டது. 2017 ஜனவரியில் ஈட்டியோடு சேர்த்து அந்த மரக் குடும்பமே சைட்டீஸின் இரண்டாவது பட்டியலுக்குள் வந்தது. எல்லை தாண்டி கிடார் விற்கவே பெர்மிட். அலறல் தாங்காமல் 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். நடுவில் 2009-லும் 2011-லும் கிப்சன் கிடார் தொழிற்சாலைகளில் அமெரிக்க அதிகாரிகள் ரெய்டு விட்டதும், மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்தில் 2012-ல் அந்தக் கம்பெனி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியதும் தனிக்கதை.

இவ்வளவு அடிதடி நடந்த மரம் காதுக்கு என்னதான் செய்கிறது? 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரே ஆசாரி கட்டிய ஆறு கிடார், முதுகும் பக்கமும் மட்டும் ஆறு வேற மரம். அதில் பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு, நம்ம ஈட்டியும் உண்டு. 52 கிடார்காரர்களை மங்கின வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னால், எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். தோரெஸ் அட்டையில் சொன்னதை 156 வருஷம் கழித்து கண்ணைக் கட்டி ஊர்ஜிதம் பண்ணினார்கள்.

அதுக்காக கார்பன்காரன் காட்டைக் காப்பாத்த வந்த மகான்னு ஜல்லியடிக்க மாட்டேன். இழையைச் சுடுவதற்கு ஏகப்பட்ட மின்சாரம், ஒட்டுவது பெட்ரோலியப் பிசின், உடைந்தால் மறுசுழற்சி பெரும்பாடு. வெடித்த மரப் பலகையை ஒரு நல்ல ஆசாரி ஒட்டிக் கொடுப்பார், கார்பன் கிழிஞ்சா நம்ம ஊரில் யாரிடம் போவது? தோரெஸ் கட்டிய கிடார்கள் நூறு வருஷம் தாண்டியும் வாசிக்கப்படுகின்றன. முழுக் கார்பன் கிடாருக்கு அந்த வயசே இன்னும் ஆகலை. இதுவரைக்கும் என் வீட்டு ஈரத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட நகரலை என்பதுதான் என் பக்கத்து ஒரே வாதம். ஸ்ப்ரூஸின் அந்தக் கதகதப்பு இதில் கொஞ்சம் குறைச்சல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காதை விடக் கண்ணுதான் மரத்தைக் கேட்குதுன்னு எனக்கொரு சந்தேகம். கிடார் மட்டுமில்லை, செல்லோவிலும் இதே கதை. பாஸ்டன் சிம்ஃபனியில் செல்லோ வாசித்த லூயி லெகியா கார்பனில் செல்லோ செய்தார். யோ-யோ மா கூட ஒன்று வைத்திருக்கிறார். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பு விழாவில் வாசிக்க வேண்டும், வாஷிங்டனில் நடுங்கும் குளிர். கார்பன் செல்லோ இதற்கென்றே பிறந்தது இல்லையா? அதை எடுத்துப் போகலாமா என்று யோசித்தாராம். தோற்றம் வித்தியாசமாக இருக்கிறது, ஜனங்களின் கவனம் அதிலேயே போய்விடும் என்று மரச் செல்லோவோடு போனார். ஆனால் கூட்டம் கேட்டது ரெண்டு நாள் முன்பே ரெக்கார்டு பண்ணி வைத்த ஒலியை. மரச் செல்லோவின் வில்லில் சத்தம் வராமல் இருக்க சோப்பு தடவியிருந்தார்கள்.